மலையேற்றத்தில் டிரெய்லர் இழுக்கப் பெட்ரோல் வண்டியா, டீசல் வண்டியா: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

பெங்களூருவில் ஒலி, ஒளி, ஜெனரேட்டர் ஆகியவற்றை வாடகைக்கு விடும் சிறு தொழில் ஒன்றை நடத்திவருகிறேன். ஊட்டியிலும் ஏற்காட்டிலும் குடகிலும் நடக்கும் திருமணங்களுக்கு இரண்டு சக்கர டிரெய்லரில் ஏற்றிய ஜெனரேட்டரை இழுத்துச் செல்வது எங்கள் வேலையில் ஒரு பகுதி. இத்தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது, இழுவைக்கு எந்த எரிபொருள் வண்டியை வாங்கலாம் என்பதைத்தான். எரிபொருளைக் கடைசியில் முடிவு செய்யுங்கள் என்பதே என் பதில். எடை, சரிவு, உயரம் ஆகிய மூன்றையும் கணக்கிட்டு முடித்தால் பாதி விடை தானாகவே கிடைத்துவிடும்.

தொடங்கும் முன் ஒரு சொற்குழப்பத்தை நீக்கிவிடுகிறேன். அமெரிக்கர்கள் பெட்ரோலைத்தான் ‘கேஸ்’ என்பார்கள். நம் ஊரிலோ கேஸ் வண்டி என்றால் எல்.பி.ஜி. ஆட்டோவோ சி.என்.ஜி. வண்டியோதான் நினைவுக்கு வரும். அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, கேஸ் வண்டி மலையில் நன்றாக இழுக்குமாம் என்று சி.என்.ஜி. வண்டியை விலை பேசப் போன ஒருவரை எனக்குத் தெரியும்.

முதல் படி: எடையை ஊகிக்காமல் எடை மேடையில் ஏற்றுங்கள்

வண்டி, அதில் உள்ள சாமான், ஆட்கள், டிரெய்லர், டிரெய்லர் மேல் உள்ள பொருள் எல்லாவற்றையும் சேர்த்து, டேங்க் நிரம்பிய நிலையில் எடை போட வேண்டும். எங்கள் பிக்கப்பின் வெற்று எடை சுமார் 1,700 கிலோ, கேபிள், விளக்கு, ஆட்கள் 600 கிலோ, ஜெனரேட்டருடன் டிரெய்லர் 1,500 கிலோ. ஆக மொத்தம் 3,800 கிலோ. கீழே வரும் கணக்குகள் அனைத்துக்கும் இந்த எண்ணையே எடுத்துக்கொள்கிறேன். இரண்டு சக்கர டிரெய்லராக இருந்தால், அதன் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் இறங்க வேண்டும். அதைவிட மிகவும் குறைந்தால் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். இழுக்கும் வண்டிக்குத் தயாரிப்பாளர் அனுமதித்த இழுவை எடை எவ்வளவு என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். டிரெய்லருக்குத் தனிப் பதிவு வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

இரண்டாம் படி: மலையின் சரிவைத் தெரிந்துகொள்ளுங்கள்

நூறு மீட்டர் ஓடும்போது ஏழு மீட்டர் உயர்ந்தால் அது 7 விழுக்காட்டுச் சரிவு. 3,000 மீட்டருக்கு உட்பட்ட செங்குத்தான மலைப்பகுதிகளுக்கு சாலை அமைப்பதற்கான அளவுகளை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் குறித்த வழக்கமான அளவு 6 விழுக்காடு, உச்ச வரம்பு 7, தவிர்க்க முடியாத சிறு துண்டுகளுக்கு 8. பழைய மலைப்பாதைகள் எல்லாம் இந்த அளவுக்குள் அடங்குவதில்லை. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு ஏறும் 36 கொண்டை ஊசி வளைவுப் பாதையில் டிரெய்லரோடு போக நினைக்கவே வேண்டாம்.

சராசரிச் சரிவை நம்பி ஏமாறாதீர்கள். கூடலூர் சுமார் 1,070 மீட்டர் உயரத்திலும் ஊட்டி 2,240 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இடையில் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் சாலை என்று வகுத்துப் பார்த்தால் சரிவு இரண்டரை விழுக்காட்டைக்கூடத் தொடாது. ஆனால் அந்தச் சாலை சில இடங்களில் சமமாகவும் சில இடங்களில் மிகச் செங்குத்தாகவும் போகிறது. வண்டி திணறுவது செங்குத்தான துண்டில்தான் என்பதால் அந்தத் துண்டுக்கே கணக்குப் போட வேண்டும். கொண்டை ஊசி வளைவின் உள்ஓரம் வெளிஓரத்தைவிடச் செங்குத்தாக இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: தேவையான குதிரைத்திறனைக் கணக்கிடுங்கள்

மொத்த எடையைச் சரிவு விழுக்காட்டோடு ஒன்றரையைக் கூட்டிய எண்ணால் பெருக்கி நூறால் வகுத்தால், வண்டியை மேலே இழுக்கத் தேவையான விசை கிலோவில் கிடைக்கும். அந்த ஒன்றரை, டயர்கள் உருளும்போது ஏற்படும் தடைக்காகச் சேர்ப்பது. 7 விழுக்காட்டுச் சரிவில் 3,800 கிலோவுக்கு இது 323 கிலோ விசை. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்குப் பத்து மீட்டர். ஆகவே 323-ஐப் பத்தால் பெருக்கி 75-ஆல் வகுத்தால் 43 குதிரைத்திறன் என்று வரும். இது சக்கரத்தில் வேண்டிய அளவு. கியர்பெட்டியிலும் அச்சிலும் சுமார் 15 விழுக்காடு வீணாவதால் இன்ஜின் 51 குதிரைத்திறன் தர வேண்டியிருக்கும். அதே ஏற்றத்தில் 54 கிலோமீட்டர் வேகம் வேண்டுமென்றால், காற்றின் தடையைச் சேர்க்காமலே தேவை 76 ஆகிவிடுகிறது. ஏ.சி. ஓடினால் அதற்கும் தனியாகக் கொடுக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் எரிபொருளுக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். மலைக்குப் பெட்ரோலும் டீசலும் ஒன்றுதான்.

நான்காம் படி: உயரத்துக்குக் கழித்துவிடுங்கள்

உயரம் கூடக்கூடக் காற்று மெலிவதால், டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் ஏறத்தாழ பத்து விழுக்காடு வலுவை இழக்கிறது. பெங்களூருவே சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருப்பதால், வாங்கும் அன்றே காகிதத்தில் எழுதிய வலுவில் ஒரு பகுதி நமக்குக் கிடைப்பதில்லை. ஊட்டி உயரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். ஆக 51 வேண்டுமென்றால் டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினின் காகித அளவு 64-க்கு மேல் இருக்க வேண்டும். டர்போ உள்ள இன்ஜின், காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால், இந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடுகிறது. இன்றைய டீசல் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் டர்போ இருக்கிறது; சிறு பெட்ரோல் சரக்கு வண்டிகளில் பெரும்பாலும் இல்லை. மலையில் டீசல்தான் ஏறும் என்ற பெயர் வந்ததற்கு டர்போவும் ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

ஐந்தாம் படி: முறுக்கு விசையைச் சரியாகப் படியுங்கள்

டீசலுக்கு டார்க், அதாவது முறுக்கு விசை, அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள். அதன் பொருளைக் கேட்டால் பலர் மழுப்புவார்கள். முறுக்கு விசையை நிமிடச் சுழற்சியால் பெருக்கி 7,024-ஆல் வகுத்தால் குதிரைத்திறன் கிடைக்கும். 200 நியூட்டன் மீட்டர் தரும் டீசல் இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்றிலேயே 57 குதிரைத்திறனைக் கொடுத்துவிடுகிறது. 100 நியூட்டன் மீட்டர் தரும் பெட்ரோல் இன்ஜின் அதே வலுவைக் கொடுக்க 4,000 சுற்று சுற்ற வேண்டும். கியரைக் குறைத்துச் சுற்றவிட்டால் அதுவும் அதே வேகத்தில் ஏறும். சத்தமும் சூடும் கூடும், ஓட்டுநருக்கு அலுப்பும் கூடும். பெட்ரோல் வண்டியை டீசல் வண்டிபோலக் குறைந்த சுழற்சியில் உயர் கியரில் இழுக்க முயல்பவர்கள்தான், இது ஏறவில்லை என்று குறை சொல்கிறார்கள்.

பெட்ரோல் இன்ஜினுக்கும் டர்போ இருந்தால் நிலைமை மாறிவிடுகிறது. 2020-இல் வந்த மஹிந்திரா தாரின் கைக்கியர் வகையை எடுத்துக்கொள்ளுங்கள்: 2.0 லிட்டர் டர்போ பெட்ரோலும் 2.2 லிட்டர் டீசலும் ஒரே 300 நியூட்டன் மீட்டரைத் தருகின்றன. குதிரைத்திறனில் பெட்ரோல் 150, டீசல் 130. அமெரிக்காவின் பெரிய பிக்கப்களில் இடைவெளி இன்னும் அகலமானது. 2020-ஆம் ஆண்டு ஃபோர்டு சூப்பர் டியூட்டியில் டர்போ இல்லாத 7.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜினின் அளவு 430 குதிரைத்திறன், சுமார் 644 நியூட்டன் மீட்டர், 6.7 லிட்டர் டர்போ டீசலோ 475 குதிரைத்திறன், சுமார் 1,424 நியூட்டன் மீட்டர். அங்கே இழுவைத் திறனை அளக்கப் பொது விதிமுறையே உண்டு. அரிசோனாவில் டேவிஸ் அணையிலிருந்து ஏறும் சாலையில், 38 டிகிரி வெயிலில், ஏ.சி.யை முழுவதும் திறந்துவைத்து, இன்ஜின் கொதிக்காமல், குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே போகாமல் ஏறிக்காட்ட வேண்டும். நம் ஊரில் வண்டி வாங்குபவருக்கு மேம்பாலம் வரை ஓட்டிக் காட்டுவதோடு சரி.

ஆறாம் படி: ஏற்றத்தில் குடிக்கும் எரிபொருளைக் கணக்கிடுங்கள்

வித்தியாசம் உண்மையில் தெரிவது இங்கேதான். டீசல் இன்ஜின் அதிக அழுத்த விகிதத்தில் இயங்குவதால் எரிபொருளின் ஆற்றலில் கூடுதல் பங்கை வேலையாக மாற்றுகிறது. ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடச் சுமார் 12 விழுக்காடு ஆற்றலும் அதிகம். பெட்ரோல் இன்ஜின் முழு வலுவில் நீண்ட நேரம் உழைக்கும்போது, வால்வுகளும் சைலன்சர் பக்கமும் அளவுக்கு மீறிச் சூடாகாமல் இருப்பதற்காகத் தேவைக்கு மேல் பெட்ரோலை உள்ளே விடுவதும் உண்டு. அதனால் சமதரையில் சிறிதாகத் தெரியும் மைலேஜ் இடைவெளி ஏற்றத்தில் விரிகிறது.

மேலே சொன்ன 51 குதிரைத்திறனை அரை மணி நேரம், அதாவது 18 கிலோமீட்டர் தொடர் ஏற்றத்தில், கேட்டால் டீசல் சுமார் 5 லிட்டரும் பெட்ரோல் சுமார் 7 லிட்டரும் செலவாகும். பெங்களூருவில் டீசல் லிட்டருக்கு ஏறத்தாழ பன்னிரண்டு ரூபாய் மலிவு என்பதையும் சேர்த்தால், ஓர் ஏற்றத்துக்கு மிச்சம் 250 ரூபாய்க்குச் சற்று மேல். மாதம் ஒரு முறை மலைக்குப் போகிறவருக்கு ஆண்டுக்கு மூவாயிரம் ரூபாய் மிஞ்சும். டீசல் வண்டிக்கு லட்சத்துக்கு மேல் கூடுதலாகக் கொடுத்திருந்தால் அது என்று திரும்பும் என்று நீங்களே பாருங்கள். மாதம் பத்து முறை ஏறுபவருக்கு, சுமையோடு ஓடும் சமதரைத் தூரத்தையும் சேர்த்தால், கணக்கு வேறு. நாங்கள் ஊருக்குள் பெட்ரோல் வண்டியும் மலைக்கு டர்போ டீசலும் வைத்திருப்பது இந்தக் கணக்கினால்தான்.

பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. பெங்களூருவின் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நாள் முழுவதும் ஊர்ந்தால் அது அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும். மலையேறும்போது வெளியேறும் கடும் சூட்டில் அந்தக் கரி தானாகவே எரிந்துபோகும். மலைக்குப் போகாமல் ஊருக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு டீசல் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இது இன்னொரு காரணம்.

சி.என்.ஜி. பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காற்று போக வேண்டிய இடத்தின் ஒரு பகுதியை வாயு பிடித்துக்கொள்வதால் பெட்ரோலைவிட வலு பத்து விழுக்காட்டுக்கு மேல் குறையலாம். சிலிண்டரின் எடை சுமையைத் தின்னும். மலைமேல் நிரப்பும் இடமும் அரிது. ஊருக்குள் சிக்கனமானது, டிரெய்லரோடு மலைக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

ஏழாம் படி: கிளட்ச்சைக் காப்பாற்றுங்கள்

ஏற்காட்டுக்கு முதன்முதலாகப் பெட்ரோல் வண்டியில் டிரெய்லரை இழுத்துச் சென்றபோது, எதிரே பேருந்து வந்ததால் கொண்டை ஊசி வளைவில் நிற்க நேர்ந்தது. கைப்பிரேக்கைப் போடாமல் அரைக் கிளட்ச்சில் வண்டியைப் பிடித்துவைத்திருந்தேன். பக்கத்திலிருந்த ஓட்டுநர், “அண்ணா, கிளட்ச் வாசம் வருது, கால எடுங்க” என்று சொல்வதற்குள் காரியம் கெட்டிருந்தது. அன்று ஜெனரேட்டர் மேலே போய்ச் சேரவில்லை. மலைச் சாலையில் ஏறும் வண்டிக்கே முதல் வழி என்பது விதி, ஆனால் பேருந்து அதற்கு ஏற்றாற்போல் எப்போதும் நிற்பதில்லை. நிற்க நேர்ந்தால் கைப்பிரேக்கை இழுத்து, முதல் கியரில், கிளட்ச் பிடிக்கத் தொடங்கி வண்டி முன்னே இழுப்பது தெரிந்த பிறகே கைப்பிரேக்கை விடுங்கள். டீசலுக்கு அடிநிலைச் சுழற்சியில் விசை அதிகம் என்பதால் இந்தப் புறப்பாடு எளிது. பெட்ரோலில் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

எட்டாம் படி: இறங்குவதற்கும் திட்டமிடுங்கள்

3,800 கிலோ எடை 1,000 மீட்டர் இறங்கும்போது வெளிவிடும் ஆற்றல், ஒரு லிட்டர் டீசலை எரித்தால் வரும் வெப்பத்துக்கு ஏறத்தாழச் சமம். இன்ஜின் அதில் பங்கெடுக்காவிட்டால் அந்தச் சூடு அத்தனையும் பிரேக்கில்தான் இறங்கும். பெட்ரோல் இன்ஜினில் ஆக்சிலரேட்டரை விட்டவுடன் காற்று வரும் வழி மூடிக்கொள்வதால், அது வண்டியை நன்றாகப் பின்னிழுக்கிறது. டீசலில் அப்படி மூடும் ஏற்பாடு இல்லாததால் இயல்பான பின்னிழுப்பு குறைவு. கனரக லாரிகளுக்கு, புகை வெளியேறும் வழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் வைப்பது இதனால்தான். சிறு டீசல் பிக்கப் வாங்கும்போது அது உண்டா என்று கேளுங்கள், இல்லையென்றால் இறங்கும்போது ஒரு கியர் குறைவாகவே வைத்துக்கொள்ளுங்கள். டிரெய்லரில் தனி பிரேக் இல்லாவிட்டால் அதன் முழுத் தள்ளுதலும் முன்வண்டியின் மேல்தான்.

பெங்களூருவிலிருந்து சேலம் போகும் வழியில் தொப்பூர் இறக்கத்தில் நடந்த விபத்துகளில் பல, வண்டியை நியூட்ரலில் உருளவிட்டதால் நேர்ந்தவை. எரிபொருளை மிச்சம் பிடிக்க அப்படிச் செய்கிறார்கள். இன்றைய இன்ஜின்களில் கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை விட்டால் எரிபொருள் முற்றிலும் நின்றுவிடுகிறது; நியூட்ரலில் போட்டால்தான் இன்ஜின் ஓடிக்கொண்டிருப்பதற்காகக் குடிக்கிறது. ஏறும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில், அல்லது அதற்குக் கீழே, இறங்குங்கள். பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே வராமல், அழுத்தி மிதித்து வேகத்தைக் குறைத்து, பிறகு விட்டுவிடுங்கள்.

அடிவாரத்தை அடைந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தி, சக்கரத்தைத் தொடாமல் புறங்கையை ஒவ்வொன்றின் அருகிலும் காட்டிப் பாருங்கள். ஒரே அச்சிலுள்ள இரண்டில் ஒன்று மட்டும் மிகவும் கனன்றால், அதன் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சூடு ஆறும் வரை காத்திருந்து, மெக்கானிக்கிடம் காட்டிய பிறகே டிரெய்லரை மேலும் இழுக்க வேண்டும்.