வேலூருக்குப் பின்னால் இரண்டு இடைவெளி: சின்ன பிழையை இரண்டு பேர் சேர்ந்து சரிசெய்வது எப்படி

டெர்மினலில் (கட்டளைகளை அடித்து நிரல் ஓட்டும் எழுத்துத் திரை) ஓடும் ஓப்பன் சோர்ஸ் நிரல் ஒன்றில் பிழை கண்ணில் பட்டதும் சோர்ஸைத் (யாரும் படித்துத் திருத்தக்கூடிய அதன் மூல வரிகளை) திறந்து கையை வைக்காதீர்கள். நான் அப்படித்தான் வைத்தேன், சத்துவாச்சாரி வெயிலில் ஒரு சனிக்கிழமை முழுசாகப் போனது.

குடியாத்தத்தில் லுங்கி மொத்த வியாபாரம் பார்க்கும் நண்பன் ஒருவன் இருக்கிறான். ஊர் வாரியாக எத்தனை உருப்படி போனது என்று ஒரு கோப்பில் எழுதி வைத்து, அதை அட்டவணையாகக் காட்டும் சின்ன சி நிரல் ஒன்றில் ஓட்டிப் பார்ப்பான். ஆங்கிலத்தில் இருந்த ஊர்ப் பெயர்களைத் தமிழுக்கு மாற்றிய அன்று போன் வந்தது. "இன்னா மச்சி இது, நம்பர் எல்லாம் ஊர் பேர் மேலயே வந்து ஒட்டிக்குது, ஆரணிக்கு ஒரு எடம், வேலூருக்கு ஒரு எடம்."

முதல் வேலை, தப்பு யாருடையது என்று பிரிப்பது. தமிழை வரைவதில் டெர்மினல்களுக்குள்ளேயே வித்தியாசம் உண்டு, அதனால் திரையில் கோணலாகத் தெரிவதை மட்டும் வைத்து நிரலைக் குற்றம் சொல்ல முடியாது. வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பி விடுங்கள், கோப்பின் பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஹெக்ஸ்டம்ப் போட்டு இடைவெளிகளை விரல் விட்டு எண்ணுங்கள். எங்கள் கோப்பில் ஊருக்கு ஒதுக்கிய அகலம் 20. வேலூருக்குப் பின்னால் இருந்ததோ இரண்டே இடைவெளி, ஆரணிக்குப் பின்னால் எட்டு. அங்கேயே விஷயம் பிடிபட்டது. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். கண்ணுக்கு மூன்று எழுத்தாகத் தெரியும் வேலூர் உள்ளே வ, ஏகாரக் குறி, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி என்று ஆறு குறியீடு, 18 பைட். ஆரணி நான்கு குறியீடு, 12 பைட். சி மொழியில் எழுத்தை வெளியிடும் பிரிண்ட்எஃப் அகலத்தைப் பைட்டில்தான் எண்ணும், 20 ஆக்க மிச்சத்தை இடைவெளியால் நிரப்பும். குடியாத்தமோ 33 பைட், அதற்கு ஒரு இடைவெளிகூடக் கிடைக்கவில்லை, பாவம்.

இதைக் கையில் வைத்துக்கொண்டு பிழை அறிக்கை எழுதுங்கள். எழுதும் முன் பழைய அறிக்கைகளைத் தேடுங்கள், மூடப்பட்டவற்றையும் சேர்த்து. சீன எழுத்துக்கோ இந்திக்கோ யாராவது இதையே சொல்லியிருக்கலாம். "தமிழ் சரியாக வரவில்லை" என்று ஒரு வரி எழுதி ஸ்கிரீன்ஷாட்டை ஒட்டிவிட்டுப் போனால் எங்கோ உட்கார்ந்திருக்கும் அந்த நிரலின் பராமரிப்பாளர் என்ன செய்வார்? அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, எது கோணல் என்றே புரியாது. நண்பனின் 400 வரிக் கோப்பை நாங்கள் இரண்டு வரியாகக் குறைத்தோம்: ஒன்று ஆங்கில ஊர், ஒன்று வேலூர். அதோடு நிரலின் பதிப்பு எண், இயங்குதளம், லொகேல் (கணினியின் மொழி, எழுத்து முறை அமைப்பு), வந்தது என்ன, வந்திருக்க வேண்டியது என்ன என்று எழுதினோம். எல்லாம் நகலெடுத்து ஒட்டக்கூடிய எழுத்தாகவே இருக்கட்டும், படம் துணைக்கு மட்டும். "நாங்களே சரிசெய்து அனுப்பலாமா" என்று கடைசியில் கேட்டோம். கேட்காமல் எழுதி அனுப்பி, அதே வேலையை வேறொருவர் ஏற்கெனவே பாதி முடித்திருந்தால் மனக்கசப்புதான்.

சரி, யார் எதைச் செய்வது? நண்பனுக்கு சி தெரியாது. ஆனால் எந்தப் பெயரை விட்டால் நிரல் திணறும் என்று அவனுக்குத்தான் தெரியும். சோதனைக் கோப்பு அவன் பொறுப்பு: ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, நடுவில் ஆங்கிலம் கலந்த ஒரு வரி, எழுத்தே இல்லாத ஒரு வரி. அந்த வெற்று வரி எனக்குத் தோன்றியே இருக்காது.

திருத்தம் என் பொறுப்பு. பைட் சரத்தை, ஒவ்வொரு குறியீடும் ஒரே உருப்படியாக நிற்கும் அகல எழுத்துகளாக மாற்றி, டபிள்யூசிஎஸ்விட்த் என்ற சார்பிடம் (ஃபங்ஷன்) திரையில் எத்தனை கட்டம் என்று கேட்டு, மீதி இடைவெளியை நாமே போட வேண்டும். வேலூருக்கு ஐந்து என்று சொல்லும், புள்ளிக்கு மட்டும் தனிக் கட்டம் கிடையாது. இரண்டு குழிகள் உண்டு. தொடக்கத்தில் லொகேலை அமைக்கும் செட்லொகேல் சார்பை அழைக்காவிட்டால் தமிழ் எழுத்து எதையும் மாற்றவே முடியாது. அப்புறம், அச்சிட முடியாத குறி ஒன்று உள்ளே இருந்தால் அந்தச் சார்பு மைனஸ் ஒன்றைத் திருப்பித் தரும், அதைக் கவனிக்காமல் கழித்தால் கணக்கு கந்தல்.

திருத்தங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் கருவியில் இருவரும் ஒரே கிளையில் (தனியாகப் பிரித்த வேலை வரிசை) வேலை செய்வதாக இருந்தால் இதை மட்டும் மறக்காதீர்கள். நிரலின் என் சொந்தப் பிரதியான ஃபோர்க்கில் அவனுக்கும் எழுத அனுமதி கொடுத்திருந்தேன். அவன் சோதனைக் கோப்பைப் புஷ் செய்தது (அங்கே ஏற்றியது) தெரியாமல் நான் என் கமிட்டை (பதிவு செய்த திருத்தத்தை) அமெண்ட் செய்து, அதாவது மாற்றி எழுதி, அங்கிருப்பதை மேலெழுதும் ஃபோர்ஸ் புஷ் அடித்தேன், அவன் வேலை காணாமல் போனது. அவன் கணினியில் பிரதி இருந்ததால் தப்பித்தேன். ஃபோர்ஸ் போட்டே ஆக வேண்டுமென்றால் ஃபோர்ஸ்-வித்-லீஸ் போடுங்கள், நீங்கள் பார்க்காத கமிட் அங்கே இருந்தால் அது மறுத்துவிடும். அதைவிட நல்லது, ஒரு வாட்ஸ்அப் செய்தி.

எடிட்டர் சேமிக்கும்போதே கோப்பு முழுக்க இடைவெளிகளையும் வரிகளையும் ஒழுங்கு செய்து வைத்துவிடும், 14 வரித் திருத்தம் 200 வரியாகத் தெரியும். கமிட்டுக்கு வரிகளைச் சேர்க்கும் கிட் ஆட் கட்டளையில் மைனஸ் பி கொடுத்து உங்களுடையதை மட்டும் பொறுக்கி எடுங்கள். வழியில் இன்னொரு பிழையும் கண்ணில் பட்டது: நீளமான பெயரை வெட்டும் வசதி 20ஆவது பைட்டில் வெட்டுகிறது, 20 மூன்றால் வகுபடாதே, அதனால் கடைசி எழுத்து பாதியாகி கேள்விக்குறிக் கட்டமாக நிற்கிறது. கை துறுதுறுத்தது. தொடவில்லை, தனி அறிக்கையாகப் போட்டோம்.

கமிட் செய்தியில் காரணத்தைச் சொல்லுங்கள். ஒரு வெற்று வரி விட்டு, கடைசியில் கோ-ஆத்தர்ட்-பை (சேர்ந்து எழுதியவர்) வரியில் கூட்டாளியின் பெயர், அவர் கணக்கோடு இணைந்த மின்னஞ்சல். நண்பன் பெயர் அப்படித்தான் ஏறியது.

அனுப்பியதும் தானியங்கிச் சோதனை சிவப்பாக வந்தது. எங்கள் இருவர் கணினியிலும் ஓடியதே! அங்கே லொகேல் வெறும் சி, அதாவது தமிழ் அறியாத அடிப்படை அமைப்பு. சோதனைக்கு மட்டும் சி.யூடிஎஃப்-8 என்று வைத்ததும் பச்சை. பராமரிப்பாளர் மாறியின் பெயரை மாற்றச் சொன்னார், ஏற்கெனவே இருக்கும் ஒரு துணைச் சார்புக்குள் திருத்தத்தை நகர்த்தச் சொன்னார். இதற்கெல்லாம் வாதாடாதீர்கள், வீடு அவருடையது. விடை தப்பாகும் இடத்தில் மட்டும் நின்று பேசுங்கள். ஒரு வாரம் பதிலே இல்லையா, மரியாதையாக ஒரு முறை நினைவூட்டுங்கள், போதும்.

சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் நண்பனின் லினக்ஸ் தொகுப்புக்கு அந்தப் பதிப்பு வந்து சேர மாதக்கணக்கு ஆகும், அதுவரை சோர்ஸிலிருந்து கட்டி அவன் வீட்டு அடைவிலேயே போட்டுக் கொடுத்திருக்கிறேன். பேரணாம்பட்டு ஒழுங்காக உட்கார்ந்துவிட்டதாம். வெட்டும் பிழைக்கு இன்னும் ஆள் இல்லை.