கொக்கு வேட்பாளர், மீன் வாக்காளர்

எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமைதோறும் சிறுவர்களுக்குக் கதை சொல்கிறேன். தேர்தலைப் பற்றிச் சொல்லப் போகிறீர்கள் என்றால், முதலில் சிங்கத்தைக் கதையிலிருந்து அனுப்பிவிடுங்கள். ராஜா இருக்கும் காட்டில் ஓட்டுக்கு வேலையில்லை. கோடையில் வற்றும் ஒரு குளம் போதும். அதைத் தூர்வார ஒரு தலைவர் வேண்டும். ஆமை, தவளை, கொக்கு ஆகியோர் வேட்பாளர்கள். மீன், நண்டு, நத்தை எல்லாம் வாக்காளர்கள்.

பிரச்சாரத்தைக் குழந்தைகளே செய்யட்டும். "மழையை நான் கூப்பிட்டு வருவேன்" என்று தவளை முழங்கும்போது, "எப்படி?" என்று ஒரு நண்டாவது கேட்க வேண்டும். யாரும் கேட்காவிட்டால் நீங்களே நண்டாகிவிடுங்கள்.

கதையின் உயிர் வாக்குச்சாவடியில் இருக்கிறது. வாசலில் கொக்கு ஒற்றைக்காலில் நிற்கிறது. வெளியே வரும் கெண்டைக் குஞ்சிடம், "கண்ணு, யாருக்குப் போட்டாய்?" என்று குழைகிறது. இங்கே நிறுத்தி, குஞ்சு என்ன சொல்லும் என்று கேளுங்கள். "உங்களுக்குத்தான் மாமா என்று பொய் சொல்லும்!" என்று சிரிப்பார்கள். "கொக்கு உள்ளேயே வந்து பார்த்தால்?" என்று அடுத்துக் கேளுங்கள். சிரிப்பு அடங்கிவிடும். மறைப்பு எதற்கு என்று அதன்பிறகு விளக்கவே வேண்டாம்.

பச்சோந்தியையும் சேருங்கள். பச்சையாக வந்து ஓட்டுப் போட்டுவிட்டு, பழுப்பாக மாறி மறுபடி வரிசையில் நிற்கும். விரல் மை காட்டிக்கொடுத்துவிடும். 1962 முதல் நம் தேர்தல்களுக்கு மைசூரில் தயாராகும் மையில் சில்வர் நைட்ரேட் இருக்கிறது, எவ்வளவு தேய்த்தாலும் உடனே போகாது. உங்களுக்கு பீட்ரூட் சாறு போதும். இடது ஆள்காட்டி விரலில் வையுங்கள். "பூரானுக்கு எந்தக் காலில் வைப்பது?" என்று ஒரு சிறுவன் கேட்டான். வெகுநேரம் வாதாடினார்கள். அப்படி வாதாடினால் தடுக்காதீர்கள். விதி என்பது கூடிப் பேசி வைப்பது என்று அவர்களுக்குப் பிடிபடுவது அப்போதுதான்.

எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தைகளுக்கு 1951-52 பொதுத்தேர்தல் முறை பொருந்தும். அப்போது ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப்பெட்டி இருந்தது. பிடித்தவரின் பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். மூன்று அட்டைப்பெட்டிகளும், மறைப்புக்கு ஒரு போர்வையும் இருந்தால் சாவடி தயார். யானை, தாமரை, சூரியன் போன்ற கட்சிச் சின்னங்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். வீட்டில் பேசும் அரசியல் குளத்துக்குள் வந்துவிடும்.

வாக்குகளை எல்லோர் முன்னிலையிலும் உரக்க எண்ணுங்கள். சமமாக வந்தால் குலுக்கல், நம் சட்டத்திலும் அப்படித்தான்.

கொக்கு வென்றுவிட்டால்? வெல்லட்டும். ஆமைதான் நல்லவர் என்று முடிவை மாற்றினீர்களானால், ஓட்டுக்கு மதிப்பில்லை என்று குழந்தைகளுக்கு நீங்களே கற்றுக்கொடுத்ததாகிவிடும். அடுத்த வாரம் கொக்குத் தலைவரை வைத்தே கதையைத் தொடருங்கள். தூர்வாரிய கணக்கை மீன்கள் எப்படிக் கேட்கும் என்று அவர்களிடமே கேளுங்கள். எங்கள் சிறுமி ஒருத்தி தயங்காமல் சொன்னாள்: "எல்லா மீனும் சேர்ந்து கூட்டம் போட வேண்டும். கொக்குக்குக் கால் எட்டாத ஆழத்தில்."