மஸ்ட், மே, குட்: நேற்றைக்கு மாற்றிப் பார்த்தேன்

போட்டித் தேர்வுக்குப் படித்தபோது ஆங்கில மோடல் வினைகள், அதாவது மஸ்ட் (must), மே (may), குட் (could) போன்ற துணைவினைகள் மட்டும் மனதில் நிற்கவே இல்லை. வழிகாட்டி நூல்களில் மஸ்ட் என்றால் கட்டாயம், மே என்றால் அனுமதி என்று ஓர் அட்டவணை இருக்கும். சரி, ‘யூ மஸ்ட் பி டயர்ட்’ என்பதில் என்ன கட்டாயம்? களைத்திருப்பாய் என்ற ஊகம்தானே அது!

அட்டவணையை மூடிவிட்டு, ஒவ்வொரு வாக்கியத்தையும் இறந்தகாலத்துக்கு மாற்றிப் பார்த்தேன். முடிச்சு அங்கேதான் அவிழ்ந்தது. ‘ஐ மஸ்ட் கோ’ என்ற கட்டாயம், நேற்றைய கதையில் ‘ஐ ஹேட் டு கோ’ ஆகிவிடுகிறது. ஊகமோ ‘யூ மஸ்ட் ஹேவ் பீன் டயர்ட்’ என்று வேறு பக்கம் போகிறது. ‘மே’யும் அப்படித்தான்: அனுமதி ‘வாஸ் அலவ்ட் டு’ ஆகும், ஊகம் ‘மே ஹேவ்’ ஆகும். தமிழில் ‘போயிருக்க வேண்டும்’ என்றால் போயிருப்பான் என்ற ஊகமாகவும் இருக்கலாம், போகாதது தப்பு என்ற குறையாகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் அந்தக் குறைக்கு ஷுட் ஹேவ்.

குட் கொஞ்சம் வம்பு பிடித்தது. சின்ன வயதில் நீந்தத் தெரியும் என்பதற்கு ‘ஐ குட் ஸ்விம்’ போதும். ஆனால் நேற்று ஒரு காரியத்தை எப்படியோ செய்து முடித்தேன் என்றால் ‘வாஸ் ஏபிள் டு’தான். ‘குட் நாட்’ இரண்டுக்கும் பொருந்தும், அந்த மட்டில் நிம்மதி.

அப்புறம் ‘மஸ்ட் நாட்’ என்றால் செய்யக் கூடாது, ‘டோன்ட் ஹேவ் டு’ என்றால் செய்யத் தேவையில்லை. இதற்குக் குறுக்குவழி எதுவும் கிடைக்கவில்லை, மனப்பாடம்தான் செய்தேன்.