குணத்துக்கேற்ற பழக்கம்: சுகரும் பிரஷரும் உள்ளவர்களுக்கு ஒரு வழிமுறை

சர்க்கரை இருப்பதாகத் தெரிந்த மறுநாளே நடைப்பயிற்சி தொடங்கி, மூன்றாவது வாரத்தில் ‘நாளைக்குப் பார்த்துக்கிடலாம்’ என்று நிறுத்திவிடுபவர்கள் பாளையங்கோட்டையிலும் உண்டு, முக்கூடலிலும் உண்டு. இதைச் சோம்பல் என்று வீட்டில் ஏசுவார்கள். பிறர் சொன்ன பழக்கத்தைத் தம் குணத்துக்குப் பொருந்துமா என்று பாராமல் எடுத்துக்கொண்டதே பல நேரங்களில் காரணமாக இருக்கிறது.

பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், பதற்றம், புதுமை நாட்டம் என்று குணத்தை ஐந்து கூறுகளாக உளவியலாளர்கள் பிரிக்கின்றனர். உடல்நலத்தோடு மிக நெருங்கிய தொடர்புடையதாகத் தெரிவது பொறுப்புணர்வு. கலிபோர்னியாவில் 1921-இல் டெர்மன் என்ற உளவியலாளர் தொடங்கிய ஆய்வில் இடம்பெற்ற சிறுவர்களைப் பற்றி 1993-இல் வெளியான முடிவு, சிறுவயதில் பொறுப்புடன் இருந்தவர்கள் சராசரியாகக் கூடுதல் காலம் வாழ்ந்ததைக் காட்டியது. இது பெருந்தொகையினரிடம் தென்பட்ட போக்குதான். தனி ஒருவருடைய ஆயுளுக்கு இதைக் கொண்டு கணக்குப் போட முடியாது.

முதலில் உங்கள் குணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ‘நான் எப்படிப்பட்டவன்’ என்று நீங்களே யோசித்தால் உங்களுக்குச் சாதகமான விடைதான் வரும் என்பதால், மாத்திரை அட்டையைப் பாருங்கள். நாளுக்கு ஒன்றாக முப்பது மாத்திரை வாங்கியவரிடம் மாத முடிவில் ஏழெட்டு மிஞ்சியிருந்தால், அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. மின்கட்டணத்தைக் கடைசி நாளில் கட்டுபவரா என்று வீட்டிலுள்ளவர்களிடமும் கேட்கலாம்.

அப்படி மறப்பவர் என்று தெரிந்தால், மன உறுதியை நம்பாதீர்கள். தினமும் தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு புதிய பழக்கத்தைப் பிணைத்துவிடுங்கள். மாத்திரை டப்பாவைக் காப்பித்தூள் டப்பாவின் மேல் வைத்தால், அதை எடுக்காமல் காப்பி போட முடியாது. ‘இன்னது நடந்ததும் இன்னது செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிவு செய்வதன் பயனை கோல்விட்சர் என்ற உளவியலாளர் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். லண்டனில் நடந்து 2010-இல் வெளியான மற்றோர் ஆய்வின்படி, ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாறுவதற்கு ஆளைப் பொறுத்து 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகலாம். நடு மதிப்பு 66 நாள். ஆகவே மூன்றாவது வாரத்தில் சலிப்பு வருவதைத் தோல்வியாகக் கருத வேண்டாம்.

பீடி சுற்றும் பெண்கள் பலரிடம் சிக்கல் நேர் எதிரானது. கொடுத்த கணக்கை முடிக்கும் பொறுப்பே அவர்களை மடியில் தட்டோடு மணிக்கணக்கில் உட்கார வைத்துவிடுகிறது. இவர்கள் அந்தப் பொறுப்பையே பயன்படுத்தி, இரண்டு மூன்று கட்டு முடிந்ததும் எழுந்து முற்றத்தில் ஐந்து நிமிடம் நடப்பதையும் வேலையின் ஒரு பகுதியாக வைத்துக்கொள்ளலாம்.

கலகலப்பானவர்கள் தனியாக நடக்க முயல வேண்டாம், பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்துக்கு யாரையாவது உடன் அழைத்துச் செல்லுங்கள். நடை முடிந்ததும் கூட்டமாக வடைக்கும் டீக்கும் போவதுதான் இவர்களுக்குள்ள ஆபத்து. தனிமை விரும்பிகளோ கூட்டத்தில் சேரச் சொன்னாலே நின்றுவிடுவார்கள். வயல்வரப்போ ஆற்றங்கரையோ அவர்களுக்குப் போதும். எப்படி நடந்தாலும் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உழைப்பு வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

யார் மனமும் நோகக்கூடாது என்று நினைக்கும் இணக்கமானவர்களுக்கு விசேஷ வீடுதான் சோதனை. திருநெல்வேலியில் இருந்துகொண்டு அல்வாவே கூடாது என்று சபதம் எடுப்பது நடக்கிற காரியமன்று என்பது என் கருத்து. எவ்வளவு சாப்பிடலாம் என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொண்டு, பந்தியில் உட்காருவதற்கு முன் பக்கத்திலிருப்பவரிடம் அந்த அளவைச் சொல்லிவிடுங்கள். இரண்டாவது துண்டு இலையில் விழும்போது மறுக்கும் பொறுப்பை அவர் ஏற்றுக்கொள்வார்.

பதற்றக்காரர்கள் ஒரு நாளில் பலமுறை பிரஷர் பார்ப்பார்கள். அந்தப் பதற்றமே அளவைக் கூட்டிவிடும். மருத்துவர் சொன்ன நாளில் மட்டும், காப்பி குடித்து அரை மணி நேரமாவது கழிந்தபின், முதுகைச் சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றி ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்து பார்த்துக் குறித்து வையுங்கள். முன்கோபக்காரர்களுக்கும் இது பொருந்தும்; அவசர குணத்தைவிடப் பகைமையுணர்வே இதய நோயோடு கூடுதல் தொடர்புடையது என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

பழக்கம் பொருந்தியதா என்பதை மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைப் பரிசோதனையில் பார்த்து, பொருந்தாததை மாற்றுங்கள். ஆனால் சுறுசுறுப்பாக இருந்தவர் திடீரென்று எதிலும் நாட்டமின்றி முடங்கினாலோ, சாந்தமானவர் எரிந்து விழத் தொடங்கினாலோ அதைக் குணமென்று விட்டுவிடாமல், தைராய்டு கோளாறோ மனச்சோர்வோ உள்ளதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள்.