ரயிலில் இருந்து விழுந்தவருக்கு இழப்பீடு: அந்தச் சட்டையைத் துவைத்துவிடாதீர்கள்

அத்தான் ரயிலில் இருந்து விழுந்து, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்தார். அவர் போட்டிருந்த துணிகளை ஒரு பாலித்தீன் கவரில் சுருட்டிக் கொடுத்தார்கள். அக்காவுக்கு அந்த ரத்தக்கறையைப் பார்க்கத் தாங்கவில்லை. சட்டையை ஊறவைத்துத் துவைத்துவிட்டாள். கொடியில் உதறிப் போடும்போது சட்டைப்பைக்குள் சின்னதாக ஒரு காகித உருண்டை. முன்பதிவில்லா டிக்கெட். மெதுவாகப் பிரித்துப் பார்த்தேன், ஓர் எழுத்துகூட மிஞ்சவில்லை.

அதனால் முதலில் இதைச் சொல்கிறேன். சட்டை, பர்ஸ், போன் எல்லாவற்றையும் அப்படியே எடுத்து வையுங்கள். டிக்கெட் கிடைத்தால் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டு ரயில்வே போலீஸிடம் ஒப்படையுங்கள். பிரேத விசாரணை அறிக்கையில் (உடலைப் பார்த்து போலீஸ் எழுதுவது) டிக்கெட் எண் ஏறியதா என்று கேட்டுப் பாருங்கள். போனில் எடுத்த டிக்கெட் என்றால், யாரும் அந்த போனை ரீசெட் செய்துவிடக் கூடாது.

டிக்கெட் போய்விட்டால் கேஸ் போய்விட்டது என்று நாங்களும் நினைத்தோம். அப்படி இல்லை. டிக்கெட் கிடைக்கவில்லை என்பதாலேயே ஒருவர் பயணி இல்லை என்று சொல்லிவிட முடியாது என 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நடந்ததை விவரித்து நாம் பிரமாணப் பத்திரம் கொடுத்தால், அவர் பயணி இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு ரயில்வேயிடம் போய்விடும். அத்தானோடு வேலை பார்த்தவர் அன்று அவருடன் ஒரே வரிசையில் நின்று டிக்கெட் எடுத்திருந்தார். எந்தக் கவுன்டர், எத்தனை மணி, யார் சில்லறை கொடுத்தது, எந்தப் பெட்டியில் ஏறினார்கள் என்று எல்லாவற்றையும் அவரை உட்காரவைத்து எழுதி வாங்கினோம். இதைத் தள்ளிப்போடாதீர்கள். ஆறு மாதம் போனால் நல்ல மனிதருக்கும் நேரம் மறந்துவிடும்.

அப்புறம், "படியில்தானே நின்றார், அவர் தப்புதானே" என்று சொந்தக்காரர்களே சொல்வார்கள். அதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். 1989 ரயில்வே சட்டத்தின் 124-ஏ பிரிவு, யார் தவறு என்று பார்க்காமலே இழப்பீடு தரச் சொல்கிறது. தவறி விழுவதும் அதில் அடக்கம். கவனக்குறைவு என்பது தனக்குத்தானே காயம் ஏற்படுத்திக்கொண்டதாக ஆகாது என்று அதே 2018 தீர்ப்பு சொல்கிறது. தற்கொலை, தானே செய்த குற்றச் செயல், குடிபோதையில் செய்த செயல், நோயால் வந்த மரணம் போன்றவற்றுக்குத்தான் கிடையாது. தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபட்டவர் பயணி அல்ல என்பதால் இந்த வழியில் கேட்க முடியாது.

மனுவை ரயில்வே கிளெய்ம்ஸ் டிரிப்யூனலில், அதாவது ரயில்வே இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் போட வேண்டும். நம் பக்கத்து அமர்வு சென்னையில் இருக்கிறது. சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போடுங்கள். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஏற்பார்கள், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். விபத்து வெளி மாநிலத்தில் நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான அமர்விலேயே போடலாம். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, ஆஸ்பத்திரிச் சீட்டுகள், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஆதார், வங்கிப் பாஸ்புக் எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். அக்கா பெயரில் ஓர் இனிஷியல் மாறி இருந்ததைத் திருத்தவே எங்களுக்குப் பல வாரம் போனது.

2017 ஜனவரி 1 முதல் மரணத்துக்கு இழப்பீடு 8 லட்சம் ரூபாய். கை, கால், பார்வை இழப்புக்கு விதிகளில் தனி அட்டவணை உண்டு. ரயில் தடம்புரண்டோ மோதியோ நடந்த விபத்து என்றால், ரயில்வே அறிவிக்கும் கருணைத் தொகை இதில் சேராது, அது தனி. ஐஆர்சிடிசி தளத்தில் டிக்கெட் எடுத்தவர் காப்பீட்டுக்கு டிக் போட்டிருந்தாரா என்று அவருடைய மெயிலையும் எஸ்எம்எஸ்ஸையும் தேடிப் பாருங்கள். இருந்தால் மரணத்துக்கு 10 லட்சம் வரை தனியாகக் கிடைக்கும்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே வந்து, "கிடைப்பதில் இவ்வளவு பங்கு கொடுங்கள், எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்பவர்களிடம் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வழக்கறிஞர் இழப்பீட்டில் பங்கு பேசுவதை பார் கவுன்சில் விதியே தடை செய்கிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசமாக வழக்கறிஞர் வைத்துத் தருவார்கள். அக்கா அப்படித்தான் போனாள்.

மனு தள்ளுபடியானால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம், உத்தரவு நகலை அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள்.