தார்க்கலவை அடர்த்திச் சோதனை: வெற்றிடத்தைக் குறைத்துக் காட்டும் தவறுகள்

இறுக்கிய தார்க்கலவை மாதிரியை உலர்ந்த நிலையில் ஒரு முறை, நீருக்குள் ஒரு முறை, மேல் ஈரத்தை ஒற்றியபின் ஒரு முறை எடை போட வேண்டும். சோதனை இவ்வளவுதான். ஆனால் இதில் நேரும் தவறுகளில் பல ஒரே பக்கம் சாய்பவை: காற்று வெற்றிடத்தை, அதாவது கலவைக்குள் காற்று நிற்கும் இடத்தின் பங்கை, குறைத்துக் காட்டி, சரியாக இறுகாத கலவையையும் தேறவைத்துவிடும். அந்தச் சாலைக்குள் பிறகு நீர் இறங்கும்.

முதலில் துணி. உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் மேற்பரப்புக் குழிகளில் நிற்கும் நீரும் போய்விடும். உலர் எடை 1200 கிராம், நீருக்குள் 690, ஒற்றியபின் 1203 என்று வைத்துக்கொள்வோம். உலர் எடையை, ஒற்றிய எடைக்கும் நீருக்குள் எடைக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தால் ஒப்படர்த்தி (நீரைப் போல எத்தனை மடங்கு அடர்த்தி என்பது) 2.339. கலவையின் அதிகபட்ச ஒப்படர்த்தி, அதாவது காற்று வெற்றிடமே இல்லாவிட்டால் இருக்கும் ஒப்படர்த்தி, 2.450 என்றால் வெற்றிடம் 4.5 சதவீதம். அந்த 3 கிராம் நீர் துணியோடு போனால் அதே மாதிரி 4.0 சதவீதம் காட்டும். நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் ஒற்றி, சில நொடிகளில் தராசில் வைத்துவிடுங்கள்.

பெரிய ஜல்லி அதிகமுள்ள கலவையில் துணியைச் சொல்லிப் பயனில்லை. நீரிலிருந்து தூக்கும்போதே உள்ளே இணைந்த துளைகளிலிருந்து நீர் வடிந்துவிடும். மாதிரியின் கன அளவில் 2 சதவீதத்துக்கு மேல் நீர் உறிஞ்சினால் இந்த முறை பொருந்தாது என்று இந்தச் சோதனைக்கான அமெரிக்கத் தர விதி ஆஷ்டோ டி 166 சொல்கிறது. அப்போது மாதிரிக்கு மெழுகு பூசும் பாரஃபின் பூச்சு முறைக்கோ, காற்றை உறிஞ்சி எடுத்த பையில் மாதிரியை மூடும் வெற்றிடப் பை முறைக்கோ மாற வேண்டும். பை முறையில், சோதனை முடிந்ததும் மாதிரியை வெளியே எடுத்து மறுபடி எடை போடுவதைத் தவிர்க்காதீர்கள். எடை கூடியிருந்தால் பையில் ஓட்டை.

சாலையில் துளைத்தெடுத்த கோர் மாதிரியில் ஈரம் தங்கியிருந்தால் உலர் எடை கூடி, அடர்த்தியும் கூடித் தெரியும். எடை மாறாமல் நிற்கும்வரை 52 டிகிரி செல்சியஸ் அளவில் காயவையுங்கள். அவசரத்துக்குச் சூட்டை ஏற்றினால் தார் இளகி மாதிரியின் வடிவமே மாறிவிடும்.

குமிழிகள் மட்டும் எதிர்ப்பக்கம் இழுக்கும். அடர்த்தியைக் குறைத்துக் காட்டும். தொங்கவிடும் கூடையைக் கொஞ்சம் அசைத்து அவற்றை விடுவியுங்கள். நீர் 25 டிகிரியில் இருக்கட்டும்.

அப்புறம் அந்த 2.450, அதாவது அதிகபட்ச ஒப்படர்த்தி. அதைத் தரும் ரைஸ் சோதனையில் கட்டிகளைச் சரியாக உதிர்க்காவிட்டால் உள்ளே காற்று சிக்கிக்கொள்ளும், மதிப்பு குறையும், வெற்றிடமும் மறுபடி குறைந்து தெரியும். கலவை மிதமான சூட்டில் இருக்கும்போதே, பொடி ஜல்லிக் கட்டிகள் 6.3 மில்லிமீட்டருக்கு மேல் இல்லாதபடி கையால் உதிர்த்துவிடுங்கள். ஜல்லியை மட்டும் உடைத்துவிடக் கூடாது; உடைந்த முகத்தில் தார் பூச்சு இருக்காது, அங்கே நீர் புகும்.