ஓய்வுபெற்ற கோச்சின் சொல்: புதிய ஹெட் கோச்சைத் தேடும்போது அதை எங்கே கேட்பது, எங்கே நிறுத்துவது

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஹெட் கோச் பதவி காலியானதும் அத்லெட்டிக் டைரக்டரின் (பல்கலைக்கழக விளையாட்டுத் துறைத் தலைவரின்) கைபேசி ஓயாது. பேசுகிறவர்களில் பாதிப்பேர் ஏதோ ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பெரியவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?" பெரியவர் என்றால் அந்த அணிக்குக் கோப்பை வாங்கித் தந்துவிட்டு ஓய்வுபெற்ற பழைய கோச்.

கேட்கத்தான் வேண்டும். பல பத்தாண்டுகளாக உதவிக் கோச்சுகளைத் தேடி எடுத்து, வளர்த்து, சிலரை அனுப்பியும் வைத்தவர் அவர். அந்த அறிவு ஆள் தேடித் தரும் எந்த சர்ச் ஃபர்மிடமும் விலைக்குக் கிடைக்காது. ஆனால் அவர் சொல்வது தகவலாக இருக்கும்வரைதான் உங்களுக்கு லாபம். அது ஓட்டாக மாறிவிட்டால், நீங்கள் தேடுவது அடுத்த பத்து வருடத்துக்கான கோச்சை அல்ல, கடந்த இருபது வருடத்தின் நகலை. தகவலை முழுதாக வாங்கிக்கொண்டு ஓட்டுரிமையைக் கொடுக்காமல் இருப்பது எப்படி என்பதே இங்கே விஷயம். அத்லெட்டிக் டைரக்டர், தேர்வுக் குழுவில் இருப்பவர்கள், அவர்களுக்குக் கோப்பு தயார் செய்பவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும்.

பதவி காலியாகும் முன்பே அவருடைய இடத்தை எழுதிவையுங்கள்

பழைய கோச் மூன்று இடங்களில் ஒன்றில் இருப்பார்: வெளியிலிருந்து ஆலோசனை சொல்பவர், தேர்வுக் குழுவின் உறுப்பினர், அல்லது அவரே அத்லெட்டிக் டைரக்டர். நெப்ராஸ்காவில் டாம் ஆஸ்போர்ன், விஸ்கான்சினில் பாரி ஆல்வரெஸ், டென்னசியில் ஃபிலிப் ஃபுல்மர் மூவரும் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தவர்கள்.

எங்கள் கருத்து, முதல் இடமே போதும். குழுவில் அவர் இருந்தால் மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள். "இந்த ஆள் வேண்டாம்" என்று சொல்ல நினைக்கும் பேராசிரியரோ முன்னாள் மாணவரோ, ஸ்டேடியத்துக்கு வெளியே சிலையாக நிற்கும் மனிதரின் எதிரில் அதைச் சொல்ல மாட்டார்.

அவரை ஆலோசகர் என்று முடிவு செய்தால் ஒரே பக்கத்தில் எழுதி அவரிடமே கொடுத்துவிடுங்கள்: எத்தனை முறை பேசுவோம், யார் பேசுவார், யாருடைய பெயர்களை அவரிடம் சொல்ல மாட்டோம், பத்திரிகை கேட்டால் என்ன பதில். பதவி காலியான பிறகு இதை எழுதினால் அவமதிப்பாகத் தெரியும். அமைதியான ஒரு மார்ச் மாதத்தில் எழுதினால் யாருக்கும் வருத்தமில்லை.

யாருக்கு யாரோடு என்ன தொடர்பு

பேசுவதற்கு முன் ஒரு தாளில் ஐந்து விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அவருடைய ஏஜென்ட் யார், பட்டியலில் உள்ளவர்களுக்கும் அதே ஏஜென்டா? பட்டியலில் யார் யார் அவரிடம் வேலை பார்த்தவர்கள்? அவர் மகனோ மருமகனோ எங்காவது ஸ்டாஃபில் இருக்கிறார்களா? டிவி சேனலுடன் ஒப்பந்தம் இருக்கிறதா? பல்கலைக்கழகத்திலிருந்து இன்னும் பணம் வாங்குகிறாரா?

இதில் எதுவும் குற்றமில்லை. ஆனால் தெரியாமல் பேசினால் ஏமாறுவீர்கள். 2025 நவம்பர் கடைசியில் ஹெட் கோச் லேன் கிஃபின் ஓல் மிஸ்ஸை (மிசிசிப்பி பல்கலைக்கழகம்) விட்டு எல்.எஸ்.யூ.வுக்குப் (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) போனதைப் பாருங்கள். முடிவெடுக்கும் முன் தன் பழைய தலைவர்களான நிக் சேபனிடமும் பீட் கேரலிடமும் பேசியதாகக் கிஃபினே சொன்னார். சேபன் 2000 முதல் 2004 வரை எல்.எஸ்.யூ.வின் கோச். அலபாமாவில் கிஃபினைத் தன் ஸ்டாஃபில் வைத்திருந்தவர். இருவருக்கும் ஏஜென்ட் ஜிம்மி செக்ஸ்டன். சேபன் இப்போது ஈ.எஸ்.பி.என். என்ற விளையாட்டு டிவி சேனலில் தோன்றுபவர். கிஃபின் போன இடத்துக்கு ஓல் மிஸ் உள்ளிருந்தே உயர்த்திய பீட் கோல்டிங்கும் சேபனிடம் டிஃபென்ஸ் கோஆர்டினேட்டராக (தடுப்பாட்டப் பொறுப்பாளராக) இருந்தவர். ஒரே மனிதரின் நிழல் ஒரு மாற்றத்தின் எல்லாப் பக்கத்திலும் விழ முடியும்.

அதனால் பேச்சைத் தொடங்கும்போதே நேராகக் கேளுங்கள்: "இந்தப் பட்டியலில் உள்ள யாராவது உங்களிடமும் யோசனை கேட்டுக்கொண்டிருக்கிறார்களா?" ஆமாம் என்றால் அந்த ஆளைப் பற்றி அவரிடம் அதற்கு மேல் கேட்காதீர்கள். சம்பளத்துக்கு நீங்கள் எவ்வளவு வரை போவீர்கள் என்பதையும் வாய்விடாதீர்கள்.

அந்த ஒரு மணி நேரம்

பட்டியல் இறுகுவதற்கு முன் பேசுங்கள். பிறகு பேசினால் உங்கள் முடிவுக்கு ஆசி கேட்பதாகிவிடும், அவரும் ஆசிதான் தருவார். டைரக்டர் பேச, குறிப்பெடுக்க ஒருவர். மூன்றாவது ஆள் வேண்டாம், முக்கியமாக பூஸ்டர் (அணிக்குப் பணம் தரும் ஆதரவாளர்) யாரும் வேண்டாம்.

முதல் பதினைந்து நிமிடம் பெயரே வரக்கூடாது. இந்த அணிக்கு இப்போது என்ன குறை, இந்த மாநிலத்தில் எந்தப் பள்ளிகளிலிருந்து ஆட்டக்காரர்கள் நழுவுகிறார்கள், இந்த வேலையில் வெளியாட்களுக்குத் தெரியாத கஷ்டம் எது என்று கேளுங்கள். பிறகு ஆறேழு பெயரைச் சொல்லுங்கள். அதில் இரண்டு பெயராவது அவருக்குச் சம்பந்தமே இல்லாதவர்களாக இருக்கட்டும். உங்களுக்குப் பிடித்தவர் யார் என்பது குரலில் தெரியக்கூடாது.

"அவர் எப்படி?" என்று கேட்டால் "நல்ல மனுஷன், கடுமையா உழைப்பான்" என்றுதான் பதில் வரும். அதில் ஒன்றுமில்லை. கேட்க வேண்டியவை வேறு. எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, என்ன பொறுப்பில் இருந்தார்? சனிக்கிழமை ஆட்டத்தில் பிளே கால் செய்தது, அதாவது அடுத்த நகர்வை முடிவு செய்தது, அவரா, நீங்களா? நெருக்கடியான மூன்றாவது டவுனில் (பந்தை முன்னே நகர்த்தும் மூன்றாவது முயற்சியில்)? தோற்ற மறுநாள் ஸ்டாஃப் மீட்டிங்கில் எப்படி இருந்தார்? அவரே வீடு தேடிப் போய் அம்மா அப்பாவிடம் பேசிக் கொண்டுவந்த மூன்று ஆட்டக்காரர்கள் யார்? நீங்கள் வேண்டாம் என்று சொன்ன ஒன்றை அவர் எப்படி எடுத்துக்கொண்டார்? உங்கள் ஆட்களைத் தொடாமல் ஸ்டாஃப் அமைக்கச் சொன்னால் யாரைக் கூப்பிடுவார்?

கடைசிக் கேள்வி இது: "நீங்கள் இன்னும் வேலையில் இருந்தால் அவரைத் திரும்ப எடுப்பீர்களா, எந்த வேலைக்கு?" இரண்டாவது பாதியை விட்டுவிடாதீர்கள். "கோஆர்டினேட்டரா இன்னைக்கே எடுப்பேன்" என்று பதில் வந்தால் ஹெட் கோச் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை என்று பொருள். பழைய சிஷ்யனைக் குறை சொல்ல மனம் வராமல், இப்படித்தான் சொல்லாமல் சொல்வார்கள்.

குறிப்புத் தாளில் நான்கு பத்தி போடுங்கள்: பார்த்தது, கேட்டது, ஊகம், விருப்பம். ஒவ்வொரு வாக்கியமும் எதில் விழுகிறது என்று அன்றே பிரியுங்கள். "தோத்த மறுநாள் விடியக்காலை வீடியோ ரூம்ல முதல் ஆளா இருப்பான்" – பார்த்தது. "போன இடத்துலயும் பசங்க அவனுக்காக உயிரை விடுறாங்களாம்" – கேட்டது. "உங்க ஊருக்கு அப்படியே பொருந்துவான்" – ஊகம். "இப்ப இருக்கிற ஸ்டாஃபைக் கலைக்க மாட்டான்" – விருப்பம். பெரும்பாலான தேர்வுகள் கெடுவது இந்தக் கடைசி வகையில்தான். தான் சேர்த்த ஆட்களின் வேலையைக் காப்பாற்ற நினைப்பது இயல்பு, அதில் தவறில்லை. ஆனால் அது கோச்சைப் பற்றிய தகவல் அல்ல.

அரசுப் பல்கலைக்கழகமாக இருந்தால் மாநிலத் தகவல் சட்டப்படி மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் வெளியே வர வாய்ப்புண்டு. நாளை பத்திரிகையில் வந்தாலும் வெட்கப்படாத வகையில் எழுதுங்கள். எது பதிவு, எதை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும் என்பதைப் பல்கலைக்கழக வக்கீலிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

சரிபார்ப்பு

"பார்த்தது" பத்தியில் உள்ள ஒவ்வொன்றுக்கும் வேறு இருவரிடம் உறுதி வாங்குங்கள்: பக்கத்து அறையில் வேலை பார்த்த உதவிக் கோச் ஒருவர், அவர் கீழ் ஆடிய ஆட்டக்காரர் ஒருவர். மூன்றாவதாக, அவர் முன்பு வேலை பார்த்த பல்கலைக்கழகத்தின் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்தில் (விளையாட்டு விதிகளைக் கண்காணிக்கும் அலுவலகம்) விசாரியுங்கள். இதைப் பழைய கோச்சுகள் சொல்வது அரிது, பலருக்குத் தெரிவதும் இல்லை.

இதன் விலை டென்னசிக்குத் தெரியும். 2017 நவம்பர் 26 அன்று கிரெக் ஷியானோவை எடுக்கும் ஏற்பாடு ரசிகர்களின் கொந்தளிப்பில் ஒரே நாளில் உடைந்தது. டைரக்டர் ஜான் கரீ போனார். டிசம்பர் 1 அன்று, 1998இல் தேசியப் பட்டம் வென்ற ஃபுல்மரே டைரக்டரானார். ஆறே நாளில், டிசம்பர் 7 அன்று, அலபாமாவின் டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் ஜெரமி ப்ரூயிட்டை எடுத்தார். ப்ரூயிட் அதுவரை எங்கும் ஹெட் கோச்சாக இருந்ததில்லை. மூன்று பருவத்தில் 16 வெற்றி, 19 தோல்வி. 2021 ஜனவரியில் ரெக்ரூட்டிங் (புதிய ஆட்டக்காரர்களைத் தேடிச் சேர்ப்பது) விதிமீறல்களுக்காக நீக்கம். அதே நாளில் ஃபுல்மரும் ஓய்வை அறிவித்தார். 2023இல் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. பல்கலைக்கழகத்துக்கு 80 லட்சம் டாலருக்கு மேல் அபராதம் போட்டது. ஊர் கொதிக்கும்போது பழைய பெயர் கொதிப்பை அடக்கும், உண்மைதான். ஆனால் கொதிப்பு அடங்கிய நிம்மதியில் விசாரணை சுருங்கிவிடக்கூடாது.

பெரிய கோச்சிடம் கோஆர்டினேட்டராக இருந்தவரை எடை போடும்போது கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். சேபனிடம் டிஃபென்ஸ் என்றால் அதில் சேபனின் கை கண்டிப்பாக இருக்கும். அவரிடம் வேலை பார்த்துவிட்டு ஹெட் கோச்சானவர்களை ஒரு மரம் என்றால், அதில் கிர்பி ஸ்மார்ட்டும் பழுத்தார், டெரெக் டூலியும் உதிர்ந்தார். கர்ட் சிக்னெட்டி 2007 முதல் 2010 வரை அலபாமாவில் ரிசீவர் கோச்சாகவும் ரெக்ரூட்டிங் பொறுப்பிலும் இருந்தார், அஃபென்ஸ் அல்லது டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர்கூட இல்லை. அங்கிருந்து டிவிஷன் 2 (கீழ்நிலைப் பிரிவு) பல்கலைக்கழகம் ஒன்றுக்கு ஹெட் கோச்சாகப் போய், எலான், ஜேம்ஸ் மேடிசன் என்று படியேறி, 2023 இறுதியில் இண்டியானா வந்தார். முதல் பருவமே 11 வெற்றி, 2 தோல்வி. சொந்தமாக அணி நடத்திய பத்து வருடத்துக்கு மேலான பதிவு, எந்தச் சிபாரிசுக் கடிதத்தையும் விடக் கனமானது.

வாரிசைக் கையால் காட்டும்போது

ஓய்வுபெறும் கோச் தன் பக்கத்தில் இருப்பவரைக் காட்டிவிட்டுப் போவது தனி வகை. நெப்ராஸ்காவில் ஆஸ்போர்ன் காட்டிய ஃபிராங்க் சோலிக் ஆறு பருவத்தில் 58–19 என்று வென்றார், 2001 பருவத்தில் தேசியப் பட்ட ஆட்டம்வரை போனார். ஆனாலும் 2003இல் நீக்கப்பட்டார். ஆஸ்போர்னோடு ஒப்பிடாமல் அவரை யாரும் பார்க்கவே இல்லை. டெக்சஸில் 1976இல் டாரல் ராயல் விரும்பியது தன் உதவியாளர் மைக் கேம்பெலை. பல்கலைக்கழகம் ஃபிரெட் ஏக்கர்ஸை எடுத்தது. ஏக்கர்ஸின் அணி 1977 வழக்கமான பருவத்தை 11–0 என முடித்தது. ராயலின் மனம் புண்பட்டது உண்மை, ஆனால் தேர்வு தவறில்லை.

அடுத்த ஹெட் கோச் இவர்தான் என்று முன்கூட்டியே, "கோச்-இன்-வெயிட்டிங்" என்று எழுத்தில் அறிவிப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். ஃப்ளோரிடா ஸ்டேட்டில் ஜிம்போ ஃபிஷர் காத்திருந்து 2010இல் பொறுப்பேற்று 2013 பருவத்தில் பட்டம் வென்றார். டெக்சஸில் 2008இல் அறிவிக்கப்பட்ட வில் மஸ்சாம்ப் காத்திருக்காமல் 2010இல் ஃப்ளோரிடாவுக்குப் போய்விட்டார். போகும் தேதி எழுதாத வாக்குறுதி இருவரையும் நெருடும்.

வெளியிலிருந்து எடுத்ததற்கு உதாரணம் அலபாமா. சேபன் 2024 ஜனவரி 10 அன்று ஓய்வை அறிவித்தார். 12ஆம் தேதி டைரக்டர் கிரெக் பைர்ன் கேலன் டிபோரை எடுத்தார். டிபோர் சேபனிடம் ஒருநாளும் வேலை பார்த்ததில்லை. பட்டியல் முன்பே தயாராக இருந்தால்தான் இந்த வேகம் வரும்.

அவர் அறிவு காலாவதியாகும் இடங்கள்

ஓய்வுபெற்ற நாளுக்குப் பிறகு மாறிய எதைப் பற்றியும் அவர் சொல்வதை முடிவுக்கு எடுக்காதீர்கள். 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்களே ஆட்டக்காரர்களுக்குப் பணம் பகிரலாம்; முதல் வருட உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர். பள்ளி மாணவர்கள் அணியில் சேரக் கையெழுத்திடும் முதல் நாள்கள் டிசம்பர் தொடக்கத்தில் வருகின்றன. ஆட்டக்காரர்கள் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறப் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2026இல் ஜனவரி 2 முதல் 16 வரை திறந்திருந்தது.

பழைய செலவுக் கணக்கும் அப்படித்தான். ஆல்வரெஸ் எடுத்த பிரெட் பியலமா மூன்று தொடர் பருவங்களில் ரோஸ் பவுல் என்ற பெரிய ஆட்டத்துக்குத் தகுதி பெற்றும் 2012இல் ஆர்கன்சாவுக்குப் போனார். உதவிக் கோச்சுகளின் சம்பளம் ஒரு காரணம். அடுத்து வந்த கேரி ஆண்டர்சன் இரண்டே வருடத்தில் போனார். அட்மிஷன் கெடுபிடி அவருக்குக் காரணம். இருவரையும் யாரும் நீக்கவில்லை. "நான் இதை வெச்சே ஜெயிச்சேன்" என்பது பழைய கோச்சுக்கு உண்மை. புதியவரிடம் உதவியாளர் சம்பளத் தொகை, போர்ட்டல் பட்ஜெட், அட்மிஷன் விலக்கு எத்தனை என்று மூன்று எண்களை எழுதிக் கொடுத்த பிறகே கையெழுத்து வாங்குங்கள்.

ஒப்பந்தப் பணத்தில் பெரியவரின் உற்சாகத்துக்கு இடமே இல்லை. டெக்சஸ் ஏ அண்ட் எம் 2023இல், மேலே சொன்ன ஜிம்போ ஃபிஷரை அனுப்ப ஒப்புக்கொண்ட பைஅவுட் (ஒப்பந்தம் முடியும் முன் நீக்கினால் தர வேண்டிய தொகை) ஏழரைக் கோடி டாலருக்கு மேல். நீக்கப்பட்டவர் வேறு வேலைக்குப் போனால் அந்தச் சம்பளம் பைஅவுட்டிலிருந்து கழியும் பிரிவு ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள்.

எடுத்த பிறகு

அறிவிப்புக்கு ஒரு மணி நேரம் முன்பாவது டைரக்டரே பழைய கோச்சைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். டிவியில் பார்த்துத் தெரிந்துகொண்டால் அந்தக் காயம் ஆறாது. நன்கொடையாளர்களிடம் அவர் இரண்டு வார்த்தை சொல்வது உதவும். பள்ளி மாணவர்களுக்கோ அவர்கள் பெற்றோருக்கோ அவர் போன் செய்யக் கூடாது. ஸ்டாஃபில் இல்லாத ஒருவர் ரெக்ரூட்களிடம் அணிக்காகப் பேசுவது விதிமீறலாகும். நல்லெண்ணத்தில் செய்தாலும் அப்படித்தான். கம்ப்ளையன்ஸ் அதிகாரியே அதை அவருக்கு நேரில் சொல்லட்டும்.

ஸ்டேடியத்தில் அவருக்கு அறை கொடுப்பது நல்லது. அது பயிற்சி நடக்கும் கட்டடத்தில் வேண்டாம். முதல் பருவம் முழுக்க, பயிற்சியைப் பார்க்க வருவது புதிய கோச் அழைத்தால் மட்டும். இரண்டாவது தோல்விக்குப் பிறகு உதவிக் கோச்சுகள் பெரியவரின் அறைக்கதவைத் தட்டத் தொடங்குவார்கள். அப்போது அவர் சொல்ல வேண்டிய பதிலை ஆகஸ்டிலேயே பேசி வையுங்கள்: "உங்க ஹெட் கோச்கிட்ட போய்ப் பேசுங்க." புதிய கோச் தானாகவே அவரைத் தேடிப் போய்ப் பேசினால் டைரக்டர் விலகி நிற்கட்டும், என்ன பேசினார்கள் என்று இருவரிடமும் கேட்க வேண்டாம்.